ஜன்னல் வழியே வந்த கார்... தப்பிப் பிழைத்த அச்சு!

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது அபிங்டன். ராஜ குடும்பத்தில் விசேஷம் என்றால், கவுன்ட்டி ஹால் மொட்டைமாடியில் இருந்து கீழே கூடியிருக்கும் ஜனங்களுக்கு 'பன்' வீசுவது இந்த ஊர் வழக்கம். 17-ம் நூற்றாண்டில் கட்டிய அந்த ஹால் இப்போது மியூசியம். மாடியில் ஒரு முழு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. படிக்கட்டில் ஏற்ற முடியாது என்பதால், கிரேனில் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள்!

அந்தக் காரின் பெயர் எம்.ஜி.பி. 1929-ல் பழைய தோல் தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் குடிவந்த எம்.ஜி. நிறுவனம், அரை நூற்றாண்டு இந்த ஊருக்குச் சோறு போட்டது. 1962-ல் அறிமுகமான எம்.ஜி.பி. மட்டுமே ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. 1980 அக்டோபரில் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது.

கார் நின்றுவிட்டது. அதை வார்த்த அச்சுகள் என்ன ஆயின?

கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதி, நடுவில் மாவு, ஓர் அழுத்து... வடிவம் வந்துவிடும். கார் கதவும் அப்படித்தான். பட்டறையில் 'டை' என்பார்கள். கனமான இரும்பு அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்து, ராட்சத பிரஸ் அழுத்தும். கதவுக்கு, பானெட்டுக்கு, மட்கார்டுக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு. கார் தயாரிப்பு நின்றுவிட்டால் இவை வெறும் பாரம். எடைக்குப் போட்டால் காசு!

அப்படிப் போனதுதான் 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் பறந்த டிலோரியன். பெல்ஃபாஸ்ட் அருகே இருந்த அதன் தொழிற்சாலை 1982-ல் மூடியதும், பாடி அச்சுகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அவற்றில் சில, அயர்லாந்தின் மேற்குக் கடலில் மீன் பண்ணை வலைகளுக்கு நங்கூரமாகிப்போயின.

எம்.ஜி.பி.க்கு அந்தக் கதி வந்திருந்தால், அதை வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. பாடியே மொத்த பாரத்தையும் தாங்குகிறது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, அடித்தகட்டை அரித்துவிடும். இன்ஜின் நன்றாக இருந்தாலும், கூடு இற்றுப்போனால் கார் அவ்வளவுதான்.

நல்லவேளை, பல அச்சுகள் தப்பிப் பிழைத்திருந்தன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் அவற்றைத் தேடித் திரட்டியது. 1988-ல், அபிங்டனுக்கு மேற்கே உள்ள ஃபாரிங்டனில், கூடியவரை அசல் அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு பாடியை மறுபடி செய்து காட்டியது. காரின் சொந்தக்காரர் தன் பழைய இன்ஜினையும் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் இந்தப் புதுக்கூட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு ஆச்சர்யமும் நடந்தது. இதே பாடியை அடிப்படையாக வைத்து 1992-ல் ஆர்.வி.8 என்ற காரே வந்தது. சுமார் 2,000 கார்கள். பெரும்பாலானவை ஜப்பானுக்குக் கப்பல் ஏறின.

இப்போது அந்தப் பட்டறை, கம்பளிப் போர்வைக்குப் பேர்போன விட்னி நகரில் இருக்கிறது. அபிங்டன் மியூசியத்தைப் பார்ப்பவர்கள், இதே மாவட்டத்தில் உள்ள விட்னியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியே வந்த கார், பளபளப்பு மாறாமல் அங்கேயே நிற்கும். சாலையில் ஓடும் அதன் உடன்பிறப்புகளுக்கு ஆயுளை நீட்டித் தருவது, பார்க்க அழகே இல்லாத அந்த இரும்பு அச்சுகள்தான்.

பாட்டியின் கொழுக்கட்டை அச்சைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளுக்கு இது சொல்லாமலே புரியும். கொழுக்கட்டை அன்றைக்கே தீர்ந்துவிடும். அச்சு இருந்தால், அடுத்த வருஷமும் சதுர்த்தி உண்டு!