யாரிடமும் சொல்லாதே

காரியாபட்டியிலிருந்து தினமும் காலேஜ் பஸ் ஏறுகிற தம்பி ஒருவன் எனக்கு ஒரு சினிமாக் கதை சொன்னான். ஹாஸ்டல், நடுராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சம், ஒரு ரகசியக் கூட்டம். புதுசாகச் சேர்ந்த மாணவன் அதில் மாட்டிக்கொள்கிறான். உள்ளே போனவன் வெளியே வர முடியாது. மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, ‘‘இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்லதாண்ணே நடக்கும். நம்ம பக்கம் சான்ஸே இல்ல!’’ என்றான்.

நம்ம பக்கம்தான் சார் நடந்தது. காரியாபட்டியில் தூத்துக்குடி பஸ் ஏறுங்கள். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் தாண்டி மேற்கே ஒதுங்கினால் மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17. ரயில் பெட்டியில் மனைவியுடன் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும், பிளாட்பார கழிவறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டதும் பள்ளிக்கூடப் பாடம். அவருக்குப் பின்னால் இருந்த ‘பாரத மாதா சங்கம்’ பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அதை ஆரம்பித்த நீலகண்ட பிரம்மச்சாரி, சீர்காழிப் பக்கத்து எருக்கூர்க்காரர். பிறந்தது 1889 டிசம்பரில். கணக்குப் போட்டுப் பாருங்கள்... மணியாச்சியில் குண்டு வெடித்தபோது தலைவருக்கு வயது 21. இன்றைக்கு பி.இ. ஃபைனல் இயர்! திருவனந்தபுரத்தில் படித்துவிட்டு, புனலூரில் காட்டிலாகா வேலையில் இருந்த வாஞ்சிக்கு 25.

சங்கத்தில் சேருகிற சடங்கைப் பற்றி அப்ரூவர்கள் கோர்ட்டில் சொன்னார்கள். காளி படம். குங்குமம் கரைத்த தண்ணீர். அதை வெள்ளையர் ரத்தமாக நினைத்துக் குடிக்க வேண்டும். கட்டைவிரலைக் கீறி, ரத்தத்தில் கைநாட்டு. தம்பி சொன்ன சினிமாவில் மெழுகுவர்த்தி மட்டும்தான்!

கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டது. 1908-ல் அவரையே சிறையில் தள்ளினார்கள். இதற்கெல்லாம் ஆஷ்தான் காரணம் என்று ஜனங்கள் நம்பினார்கள். (வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தில் சனாதன தர்மம் பற்றி எழுதியிருப்பதை வைத்து இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நியாயமான சண்டைதான். ஆனால், அது தனிக் கதை.)

ஆனால் ஒன்று... கோபப்பட்டவர்கள் எல்லோரும் விரலைக் கீறிக்கொள்ளவில்லையே? ‘உன்னை நம்பித்தான் இதைச் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே!’ இருபது வயசில் இந்த இரண்டு வரிக்கு இருக்கிற போதை லேசுப்பட்டதில்லை. ஆயிரம் பேரில் நம்மைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள் என்கிற கிறக்கம். இன்று ஹாஸ்டல் பையனிடம் இதே வரியைச் சொல்கிறவருக்கு நாடும் கிடையாது, லட்சியமும் கிடையாது. சீனியர் கும்பல், ஜாதிக் கூட்டம், ‘பணம் போடு, நாலு பேரைச் சேர்த்துவிடு’ கம்பெனி... வரி மட்டும் அதேதான். அடிக்கடி போன் பண்ணுகிற பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், மார்க்கை விசாரிப்பதற்கு முன்னால் அவனோடு யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அத்தனை சத்தியம் செய்தும் ரகசியம் நிற்கவில்லை பாருங்கள். வாஞ்சியின் வீட்டில் கிடைத்த கடிதங்களே போலீஸுக்கு வழிகாட்டின. உடன் இருந்தவர்களே அப்ரூவர் ஆனார்கள். தேடுதல் வேட்டையில் தர்மராஜ ஐயர் விஷம் குடித்துச் செத்தார். வெங்கடேஸ்வர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். மணியாச்சிக்கே வராத இந்த இருவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 14 பேர் மீது வழக்கு. 1912-ல் நீலகண்டருக்கு ஏழு வருடம் தண்டனை. பிற்பாடு மறுபடியும் ஜெயில். கடைசியில் நந்தி மலையில் ஓம்கார் சுவாமியாக வாழ்ந்து, 1978-ல் காலமானார்.

வாஞ்சியோடு மணியாச்சி போனவர் ஒட்டப்பிடாரம் மாடசாமி. அன்றைக்கு ஓடியவர்தான். போலீஸ் கையில் சிக்கவே இல்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.