சங்கு முத்திரை செல்லாத இடம்

ஓர் அரசுக்கு அடையாளம் யாது என்று கேட்டால், கோட்டை, கொடி, நாணயம் என்று நம் பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுவர். செஞ்சியில் வாழும் நமக்கோ கோட்டையின்மீது அத்துணை நம்பிக்கை இல்லை. ராஜகிரியின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கைக்கொண்ட மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய எவரும் நிலைக்கவில்லை. ஆதலின் அரசுரிமைக்கு உரைகல்லாக நாம் சிறியதொரு பொருளைச் சொல்லத் துணிகிறோம். அதுவே தபால் தலை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ‘அஞ்சல்’ என்னும் சொந்தத் தபால் இலாகா இருந்தது. 1888-ஆம் ஆண்டில் அது சங்கு பொறித்த முத்திரைகளை வெளியிட்டது. விலையும் அணாக் கணக்கில் அன்று, சக்கரக் கணக்கில். பார்வைக்கு முழு ராஜ்யந்தான்! ஆனால் அம்முத்திரை சமஸ்தானத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசியோ ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. செங்கோட்டையில் சங்கு முத்திரை ஒட்டிய கடிதம் மலைகளைக் கடந்து திருவனந்தபுரம் சேரும். சுமார் 5 மைலில் உள்ள தென்காசிக்கு அம்முத்திரை உதவாது. மகளைத் தென்காசியில் கொடுத்த தாய், அவள் நலம் விசாரிக்கப் பிரிட்டிஷ் இந்தியத் தபால் தலையையே நாட வேண்டும்.

வடக்கே பட்டியாலா, குவாலியர், ஜிந்த், நாபா, பரீத்கோட், சம்பா ஆகிய ஆறு சமஸ்தானங்கள் 1880-களில் வேறு வழி கண்டன. இந்திய சர்க்காருடன் அவை உடன்படிக்கை செய்துகொண்டன. அவற்றின் தபால் தலைகள் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் கடிதங்களைக் கொண்டு சென்றன. அதற்கு ஈடாகக் கொடுத்தது என்ன? விக்டோரியா ராணியின் முகம் பொறித்த தலைமீது தம் பெயரை மட்டும் அச்சிட்டுக்கொள்ள இசைந்தன. திருவிதாங்கூர் தன் சின்னத்தைக் காத்து வழியை இழந்தது. இவை வழியைப் பெற்றுச் சின்னத்தை இழந்தன. இரண்டும் அரைச் சுதந்திரமே.

நாடு சிறிதாயிருந்ததுதான் குறையோ? அன்று. திருவிதாங்கூர் 7,600 சதுர மைலுக்கும் மேல் பரந்தது. வத்திக்கான் நகரமோ அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. எனினும் 1929-இல் அது தனி நாடானது. அவ்வாண்டிலேயே தபால் தலை வெளியிட்டது. 1874-இல் பெர்ன் நகரில் தோன்றிய அகில உலகத் தபால் சங்கத்திலும் சேர்ந்தது. அதன் தலை ஒட்டிய கடிதம் உலகெங்கும் செல்கிறது. வேறுபாடு அளவில் இல்லை. பிற நாடுகளோடு தானே பேசித் தானே கையொப்பமிடும் உரிமையில் இருக்கிறது. நம் சமஸ்தானங்களுக்கு ஆங்கிலேயர் மறுத்தது அவ்வுரிமையைத்தான்.

1947 நவம்பர் 21-இல் சுதந்திர இந்தியா தன் முதல் தபால் தலையை வெளியிட்டது. அதில் தேசியக் கொடியும் ‘ஜெய் ஹிந்த்’ என்னும் முழக்கமும் விளங்கின. அதன் விலை மூன்றரை அணா. அஃது அயல்நாட்டுக் கடிதங்களுக்கு உரிய கட்டணம் என்பது கருதத்தக்கது. 1951-இல் அஞ்சல் இலாகாவும் இந்தியத் தபாலுடன் இணைந்தது.

பழைய ஆல்பங்களில் சங்கு முத்திரையைக் காணும் பிள்ளைகள் அதன் அழகை வியப்பர், வியக்கட்டும். அஃது எதுவரை சென்றது என்பதையும் பெரியோர் உடன் சொல்லி வைத்தல் நலம். கடிதம் தடையின்றிச் செல்லும் தூரமே தேசத்தின் மெய்யான நீளம் அன்றோ?