பாகூர் ஏரிக்கு எந்த ஊர்த் தண்ணி?

போன மாதம் அப்பா ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "பி.காம் படிக்கிறியே, நம்ம நெலத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடு பாப்போம்" என்றார். பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம் இருக்கிறது. பக்கத்து நிலத்தை விற்றுவிட்டார்கள், மனைக்கல்லும் நட்டாச்சு. புரோக்கர் எங்கள் வீட்டுக்கும் இரண்டு தடவை வந்து போய்விட்டார். அவர் சதுர அடியில் பேசுகிறார், அப்பா குழியில் பேசுகிறார். (ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.)

கணக்குப் போட அரை மணி நேரம்தான் ஆனது. உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் கழித்தால் மிஞ்சுவதைவிட, புரோக்கர் தரும் பணத்துக்கு பேங்க் வட்டியே அதிகம் வரும். பரீட்சையில் வந்தால் இரண்டு மார்க் கேள்வி.

ஆனால் டைரியில் ஒரு விஷயம் எங்கேயுமே இல்லை. தண்ணீர். "அது எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். "ஏரிலேருந்து." ஏரிக்கு? "பங்காரு வாய்க்கால்." அதுக்கு? "சொர்ணாவூர் அணைக்கட்டு." நீங்க போயிருக்கீங்களா என்றால், "அங்க போயி நான் என்ன பண்ணப்போறேன்" என்கிறார். சரி, நான் போகிறேன் என்று நண்பனின் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் வாருங்கள். தவளக்குப்பம் தாண்டினால் ரெட்டிச்சாவடி, அது தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் கிருமாம்பாக்கம், மறுபடியும் புதுச்சேரி. கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூர். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதை சாராயக்கடையும் பெட்ரோல் விலையும்தான் சொல்லும். :-)

இந்தக் குளறுபடிக்கு வயசு இருநூறுக்கு மேல். 1783-ல் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டபோது, புதுச்சேரியைச் சுற்றி பிரான்சுக்குத் தருவதாக எழுதிய இரண்டு பகுதிகள் வில்லியனூரும் பாகூரும்தான். அமெரிக்காவுக்கு விடுதலை எழுதிக் கொடுத்ததும் அதே சமயத்தில்தான். அந்தப் பெரிய பேரத்தில் எங்கள் ஊர் பெயரும் இருந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு வகுப்பில் கொஞ்சம் பந்தா விட்டேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூர் பக்கம் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஆட்சி மாறியது, கோடுகள் மாறவில்லை.

தண்ணீர் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் வருகிறது. வாய்க்கால் கரையோடு வண்டி ஓட்ட முடியாது, ஊர் ஊராகச் சுற்றித்தான் போனேன். வழியில் டீக்கடைப் பெரியவர் ஒருவர் கதை சொன்னார், எங்கள் ஆயா சொல்லும் அதே கதை. சிங்காரி, பங்காரி என்று இரண்டு அக்கா தங்கை, கோயிலில் ஆடுகிறவர்கள். தங்கள் சொத்தை விற்று வாய்க்கால் வெட்டினார்களாம். தெலுங்கில் பங்காரு என்றால் தங்கம், சொர்ணம் என்றாலும் தங்கம். தங்கத்தில் தொடங்கி தங்கமாகவே வரும் தண்ணீரை அப்பா டைரியில் சைபர் என்றுகூட எழுதவில்லை.

சொர்ணாவூரில் பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அகலமான மணல், குறுக்கே அணைக்கட்டு, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையில் நின்று, அப்புறம்தான் இங்கே வருகிறது. மேலே யார் எவ்வளவு நிறுத்துகிறார்களோ, அதில் மிச்சம் எங்களுக்கு.

சில சமயம் மிச்சம் அதிகமாகவும் வந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் ஆறு வந்தது. எங்கள் பயிர் முழுகி, நிலத்தில் வண்டல் படிந்து கிடந்தது. அந்த வருஷத்துப் பக்கத்தில் அப்பா செலவை மட்டும் எழுதியிருக்கிறார். வரவுப் பக்கத்தில் ஒரு கோடு.

திரும்பி வரும்போது மூலநாதர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சோழர் காலத்துக் கற்கோயில். அடிப்பகுதியில் விரல் நீளத்துக்கு ஆடும் பெண்கள் செதுக்கியிருப்பார்கள், குனிந்து பார்த்தால்தான் தெரியும். இந்த ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டில் இருக்கிறது. மூன்று கிராமங்களின் வருமானத்தை அதற்கென்று எழுதி வைத்தார்கள். கிராம வருமானம் என்றால் அன்றைக்கு நெல்தானே? இந்த மண்ணில் விளைந்ததை வைத்து ஒரு காலேஜ் நடத்தியிருக்கிறார்கள். அதே மண்ணை விற்றால்தான் என் மேல்படிப்புக்குப் பணம் என்பது வீட்டில் ஓடும் பேச்சு. அப்பா என்னிடம் நேராகச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

ராத்திரி கணக்கைக் காட்டினேன். கடைசியில் "தண்ணீர்" என்று ஒரு வரி எழுதி, எதிரில் தொகையைக் காலியாக விட்டிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இப்படி விட்டா காலேஜுல மார்க் போடுவாங்களா?"

"போடமாட்டாங்க."

ஆயா உள்ளேயிருந்து, "ஏரி ரொம்பிச்சா இல்லியா, அதப் பாத்தியா மொதல்ல" என்றாள். பார்க்கவில்லை. அணைக்கட்டு வரைக்கும் போனவன், ஏரிக்கரையில் நிற்காமலே வந்துவிட்டேன்.

டைரி இப்போது டி.வி. மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக புரோக்கர் போன் செய்திருக்கிறார்.