கொப்பியில் எழுதிய பெயர்கள்

"மூத்தாப்பா, ஓ.எல். முடிஞ்சிட்டு. றிசல்ட் வரும்வரைக்கும் சும்மாதான் இருக்கன். ஏதும் சமூக சேவைக்குப் போனா சேர்ட்டிபிகட் தருவாங்களாம். எங்க போகலாம்?"

பேத்தி கேட்டாள். பக்கத்தில் அவளுடைய தம்பி போனைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆனால் காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

சேர்ட்டிபிகட்டை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு நேர்முகப் பரீட்சையில் கேட்பார்கள், இருக்கட்டும். ஆனால் நான் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் பையோடு சைக்கிள் மிதித்தவன். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டி, பதிலையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன். அதனால் சேவை என்றதும் எனக்கு வீட்டு வாசல்கள்தான் ஞாபகம் வரும்.

1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவு. எனக்குப் பதினாறு வயது. விடிந்து பார்த்தால் ஒரு தென்னைகூட நேராக நிற்கவில்லை. நானும் கூட்டாளிமாரும் கத்தி, கோடரியோடு ரோட்டுக்கு ஓடினோம். பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வீரம் காட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டதே! பகல் முழுக்க விழுந்த மரங்களோடு மல்லுக்கட்டினோம். அன்றைக்கு அந்த ரோட்டால் வர ஒரு வாகனமும் இருக்கவில்லை. எங்கள் வளவிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு மூதாட்டி, கூரை பறந்துபோன குசினிக்குள், நனைந்த அரிசியை மடியில் கட்டிக்கொண்டு தனியாக இருந்தா. அஸருக்குப் பிறகு என் உம்மாதான் எட்டிப் பார்த்தா. இரவு உம்மா என்னை ஏசவில்லை. "ரோட்டத் துப்பரவாக்கினியாமே மனே" என்று மட்டும் கேட்டா. அந்தக் கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று வேறு மாதிரி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடலோரச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்பக்கம் ஓடி வந்தது. பள்ளிகளும் பாடசாலைகளும் நிரம்பிவிட்டன. பெரிய பொடியன்மார் அரிசி மூட்டை தூக்கினார்கள், ஜனாஸா தூக்கினார்கள். அதற்கெல்லாம் ஆள் குறைவில்லை. நான் நின்ற முகாமில் யாரும் கவனிக்காத ஒரு வேலையைச் செய்தது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு பாய் பாயாகப் போய்ப் பெயர் எழுதினாள். யார், எந்த ஊர், யாரைத் தேடுகிறார்கள் என்பது மட்டும்தான்.

அதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதே. எங்கள் ஊர்களில் 'முகம்மது' என்று எழுதினால் யாரென்று கண்டுபிடிப்பது? ஒரே பெயரில் ஒழுங்கைக்கு மூன்று பேர் இருப்பார்கள். அவள் பட்டப்பெயரையும் எழுதினாள். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கடை, என்ன கிணறு என்றும் கேட்டு எழுதினாள். இரண்டாம் நாள் பிள்ளையைத் தேடி வந்த தாய்மார் நேரே அந்தக் கொப்பியிடம்தான் வந்தார்கள். காரைதீவுத் தமிழ்ச் சனமும் சாய்ந்தமருது முஸ்லிம் சனமும் அந்த ஒரே கொப்பிக்குள் இருந்தார்கள். அதை யாரும் படம் எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சிரமதானம் என்ற சொல்லை இன்று எல்லாரும் சொல்கிறோம். அது இயக்கமாகப் பரவக் காரணமே பாடசாலைப் பிள்ளைகள்தான். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். சாதியைச் சொல்லி மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த சனத்தின் கிராமம் அது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, அந்தச் சனத்தோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அதிலிருந்துதான் சர்வோதயம் வளர்ந்தது. மண் வெட்ட யாராலும் முடியும் மகள். அந்தச் சனத்தோடு தங்கினார்களே, அதுதான் கஷ்டமான வேலை.

இப்போது சொல்வதைத் தம்பியும் கேட்கட்டும். 2024 நவம்பர் 26 அன்று இதே ஊர் ரோட்டில்தான், நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகளோடு வந்த உழவு மெசினை வெள்ளம் இழுத்தது. எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தோம்! கடற்படை, இராணுவம், ஊர் இளைஞர்கள் என்று நாள்கணக்கில் தேடினார்கள். கரையில் நின்ற பொடியன்மார் பலர் தண்ணீரில் குதிக்கத் துடித்தார்கள். அந்தத் துடிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். இரண்டு அடி வந்தால் பெரும்பாலான வாகனங்களை அசைத்துவிடும். வயலையும் ரோட்டையும் தண்ணீர் ஒன்றாக்கிவிட்டால், எங்கே ரோடு முடிகிறதென்று இந்த ஊரில் பிறந்தவனுக்கும் தெரியாது. காப்பாற்றப் போனவனைத் தேட இன்னொரு தோணி இறங்க வேண்டி வந்தால் அது உதவியா?

ஆகையால் வெயில் காலத்திலேயே படித்துக்கொள்ள வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி சொல்லித் தருகிறது, சென் ஜோன் அம்புலன்ஸும் சொல்லித் தருகிறது. பாடசாலையில் சாரணர், பெண் சாரணியர் இருந்தால் சேரலாம். கயிறு கட்டவும் நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்பவும் ஒரே நாளில் வராது, கை பழக வேண்டும். இரத்தம் கொடுக்கப் பதினெட்டு வயதாக வேண்டும், அதுவரை பொறுத்துக்கொள். டெங்குக்குக் கூட்டமாக ரீசேர்ட் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை உன் ஒழுங்கையில் சிரட்டையையும் பூச்சாடித் தட்டையும் கவிழ்த்தாலே போதும். அஸ்வெசும உதவித்தொகைப் படிவத்தோடு எத்தனை மூத்தம்மாமார் பிரதேச செயலகத்துக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள்! அதைப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுக்க ஓ.எல். படிப்பு தாராளம். அந்த வீட்டுக் கதையை வெளியில் சொல்லாமல் இருப்பதும் அதே வேலையில் ஒரு பாதி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு கொப்பியோடு வந்தாள். எங்கள் ஒழுங்கை முழுவதும் அதில் இருந்தது. தனியாக இருப்பவர், நடக்க ஏலாதவர், இன்சுலின் போடுபவர், கைக்குழந்தை இருக்கும் வீடு. எனக்குத் தெரியாத வீடே இந்த ஊரில் இல்லை என்ற நினைப்பில் வாசித்துக்கொண்டு போனேன். நான்காவது வீட்டில் நான் அறியாத ஒரு பெயர். போன மாதம் மகளிடம் வந்து தங்கிய ஒருவராம். பக்கத்தில் 'காது கேளாது' என்று எழுதியிருந்தாள்.

தம்பி போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"அப்ப பள்ளி ஸ்பீக்கர்ல வெள்ளம் வருதுண்டு சொன்னா இவருக்கு விளங்காதே" என்றான். "ஆரும் நேர போய்ச் சொல்லணும்."

அவள் அந்தப் பெயருக்கு எதிரே அவனுடைய பெயரை எழுதினாள்.