கொழுப்பா, மெழுகா?

1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கலகத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு வரியாவது நினைவிருக்கும். தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருந்ததாகச் செய்தி பரவியது, சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஈயத் தோட்டாவுக்கு எதற்குக் கொழுப்பு? நெய்யோ மெழுகோ தடவினால் ஆகாதா? எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. கிள்ளானில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பகுதியில் இருக்கிறேன். எந்த பேரிங்குக்கு எந்த கிரீஸ் என்று முடிவு செய்வது என் வேலையில் பாதி. கிரீஸுக்கும் இட்லி மாவு போல பதம் உண்டு. தளர்த்தியாக இருந்தால் ஒழுகிவிடும், கெட்டியாக இருந்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. 25 டிகிரி சூட்டில் ஓர் உலோகக் கூம்பை ஐந்து வினாடி அதில் இறங்கவிட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து எண் கொடுக்கிறார்கள். 000 என்றால் கிட்டத்தட்ட எண்ணெய். 2 என்றால் பீனட் பட்டர். 6 என்றால் சோப்புக் கட்டி. பெரும்பாலான பேரிங்குகளுக்கு 2 போதும்.

இந்தத் தொழில் புத்தியோடு, பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய ஒரு பழைய சரித்திரப் புத்தகத்தைப் படித்தபோது, என்ஃபீல்டு துப்பாக்கியின் கதை எனக்கு முதலில் கிரீஸ் கதையாகத்தான் தெரிந்தது.

அது 1853ஆம் ஆண்டு மாதிரி. குழலுக்குள் மூன்று திருகு வரிப்பள்ளங்கள். குண்டை வாய்வழியாகத்தான் இறக்க வேண்டும். வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்திருப்பார்கள். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, கொழுப்பு தடவிய காகிதத்தோடு குண்டைத் திணித்து, கம்பியால் குத்தி இறக்குவான். கருமருந்து வெடித்தால் குழலுக்குள் கரி படியும். சில முறை சுட்டதுமே அது இறுகி அடுத்த குண்டு உள்ளே போகாது. அந்தக் கரியை இளக்கிவிடத்தான் கொழுப்பு. சண்டை நடுவில் குண்டு பாதியில் சிக்கினால் அவன் கதி என்ன என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பதம் வருகிறது. மாட்டுக் கொழுப்பு 40 முதல் 50 டிகிரிக்குள் இளகிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். இங்கிலாந்துக் குளிரில் சரியாக இருக்கும் கொழுப்பு, வட இந்தியக் கோடையில் பெட்டிக்குள்ளேயே உருகிக் காகிதத்தில் ஊறிவிடும். சுடும் நேரத்தில் குண்டைச் சுற்றி ஒன்றும் இருக்காது. மெழுகு கூடிப்போனால் குளிர்காலத்தில் வெடித்து உதிரும். அமெரிக்காவில் வீட்டிலேயே ஈயக் குண்டு வார்த்துக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்கள் இன்றும் இதைத்தான் விவாதிக்கிறார்கள்: மெழுகு எத்தனை பங்கு, எண்ணெய் எத்தனை பங்கு, கோடைக்கு எது, பனிக்கு எது. (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே கம்பி எண்ண வேண்டும். ஆகவே நமக்கு இது வெறும் பேச்சுதான்.)

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இந்தக் கவலை இருந்தது. 1853இல் கொழுப்பு தடவிய தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பி, அந்த வெயிலில் தடவியது நிற்கிறதா என்று சோதித்தார்கள். கல்கத்தா, கான்பூர், ரங்கூன் என்று மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். சிப்பாய்களின் பையிலேயே கொடுத்தும் அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் கர்னல் டக்கர் ஓர் எச்சரிக்கை எழுதினார்: இந்தக் கொழுப்பு யாருடைய சாதிக்கும் மதத்துக்கும் ஒவ்வாததல்ல என்று தெரியாதவரை, இதை இந்தியப் படைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அந்தக் கடிதம் கோப்போடு கோப்பாகக் கிடந்தது. கொழுப்பு வெயிலைத் தாங்குமா என்று கேட்க மூன்று ஊர்கள் கிடைத்தன, அது எந்த மிருகத்தினுடையது என்று கேட்க ஓர் அதிகாரிதான் கிடைத்தார்.

1857 ஜனவரியில் டம்டம்மில் விஷயம் வெடித்தபோது மேலிடத்தால் உறுதியாக மறுக்க முடியவில்லை. கல்கத்தா கோட்டையில் தோட்டா சுற்றியபோது கொழுப்பைக் குத்தகைக்காரர் கொண்டுவந்தார். எந்த மிருகத்தின் கொழுப்பு என்று யாரும் வரையறுக்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. படை உடனே இறங்கி வந்தது. கொழுப்பு தடவாத தோட்டாவைக் கொடுக்கிறோம், கடைத்தெருவில் உங்களுக்குப் பிடித்த மெழுகையும் எண்ணெயையும் நீங்களே வாங்கித் தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். தொழில்நுட்பப்படி பார்த்தால் அது நல்ல தீர்வு. அந்த வெயிலுக்கு மெழுகு கலந்ததுதான் பொருத்தம். ஆனால் பிப்ரவரிக்குள் சந்தேகம் காகிதத்துக்குத் தாவிவிட்டது. பளபளக்கிறதே, எரித்தால் கொழுப்பு வாடை வருகிறதே என்றார்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையை மாற்றினார்கள். ஏப்ரல் 24இல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று கொடுத்தது அவர்கள் பல காலம் பயன்படுத்திவந்த பழைய வகை. மே 9இல் அவர்களுக்கு விலங்கு மாட்டப்பட்டது. மறுநாள் மீரட் பற்றிக்கொண்டது.

இதில் எனக்குத் தாளாத ஒன்று: கம்பெனிக்கு இது புதிய பாடமே அல்ல. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் தோல் வைத்த புதிய தலைப்பாகைக்காக மெட்ராஸ் படைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் காவல் இருந்ததும் அதே மெட்ராஸ் படைதான். ஐம்பது வருடம் கழித்து வங்காளப் படையில் அதே கதை.

நம் முன்னோர் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டார்கள். அந்த விளக்கெண்ணெய் இன்றும் போய்விடவில்லை. கார் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸைக் கெட்டிப்படுத்தும் அமிலம் பெரும்பாலும் ஆமணக்கிலிருந்துதான் வருகிறது. கெட்டிப்படுத்தும் பொருள்தான் கிரீஸுக்குப் பதம் தருகிறது; எண்ணெய் அதற்குள் பஞ்சில் ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஆகவே இது எதில் செய்தது என்று கேட்டால், முதலில் அந்தக் கெட்டிப்பொருளைத்தான் விசாரிக்க வேண்டும்.

போன வருடம் கன்வேயர் பேரிங்குகளுக்குப் புதிய வெள்ளை கிரீஸ் வாங்கினோம். பேக்கிங் பகுதியில் முப்பது வருடமாக இருக்கும் பெரியவர் ஒருவர், சுத்த சைவம், டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது எதுல செஞ்சது?” அதே வாரம் மாவு பிசையும் பகுதி மக்சிக்கும் கேட்டார். அவர் கவலை பன்றியைப் பற்றியது. டப்பாவில் ஹலால் முத்திரை இருந்ததால் அவருக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். பெரியவருக்கு அது பதிலே இல்லை. முறைப்படி அறுத்த மாடாக இருந்தால் அதன் கொழுப்பும் ஹலால்தானே.

உணவுத் தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் அலுமினியம் காம்ப்ளெக்ஸ் வகை அது. அதைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பவற்றில் ஒன்று ஸ்டியரிக் அமிலம். அது செம்பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இரண்டிலும் அதே வெள்ளை, அதே 2ஆம் எண் பதம். டப்பாவில் அந்த வித்தியாசம் எழுதியிருக்கவில்லை. பந்திங் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டும்வரை செம்பனைதான், ஆனால் கிரீஸ் எங்கோ வெளிநாட்டில் கிண்டியது.

“பேரிங்குக்குள்ள இருக்கிறதை யாருண்ணே சாப்பிடப் போறா?” என்றார் என் இளம் சக ஊழியர். நியாயமான பேச்சுதான். தவறிப்போய் உணவில் பட்டாலும் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க விதி, நாங்களும் அதைத்தான் பின்பற்றுகிறோம். ஆனால் பெரியவர் என்னிடம் அளவைக் கேட்கவில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். ஹலால் சான்றிதழையே மறுபடியும் அனுப்பினார்கள். ஸ்டியரிக் அமிலம் மிருகமா, தாவரமா என்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்து இரண்டாவது கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: தாவரம், செம்பனை. அதைத் தமிழிலும் மலாயிலும் அச்சடித்து கிரீஸ் அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “சரி தம்பி” என்றார். பிறகு கீழ்த்தட்டில் இருந்த செயின் ஆயில் டப்பாவைக் காட்டி, “அப்ப இது?” என்றார்.

அதற்கான கடிதம் போன செவ்வாய்க்கிழமை போயிருக்கிறது.