கீப்பர் கணக்கு

22.11.2022, செவ்வாய்

சவூதி 2, அர்ஜென்டினா 1. சாயங்காலம் மண்டியில் ஒருத்தனும் வேலை பார்க்கவில்லை. பாய்க்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மெஸ்ஸி பைத்தியம், ரியாத்தில் சோறு தின்ற மனுஷன். கடைசியில் சவூதி கீப்பர் ஓவைஸைப் புகழ்ந்து தள்ளி இரண்டு பக்கமும் சமாளித்துக்கொண்டார்.

ஆரம்பித்தது அங்கேதான். உலகத்திலேயே பெரிய கீப்பர் யார்? பி.டி. சார்: யாசின், அதற்கு மேல் பேச்சே கிடையாது. மச்சான்: ஆலிவர் கான். டீ ஆற்றுகிற பையன்கூட நோயர் என்றான். நான் பீட்டர் தங்கராஜ் என்றேன்.

"யாரு, லாரி வச்சிருக்காரே, அவரா?" என்றான் மச்சான். சிரிப்பு. சிரிக்கட்டும்.

மோதிர விரல் வலி. ஈரக்காற்று பட்டால் வந்துவிடும்.

தம்பி போன் பண்ணலை.

24.11.2022, வியாழன்

தங்கராஜ் செத்த நாள். 2008, பொக்காரோவில். டீக்கடையில் சொன்னேன். "அப்படியா" என்று மச்சான் வடையை எடுத்தான்.

பெரியப்பா இருந்திருந்தால் இவர்களை ஒரு பிடி பிடித்திருப்பார். வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர். தங்கராஜ் அங்கே வரும்போது சென்டர் பார்வர்டு. அப்புறம்தான் போஸ்டுக்குள் நிறுத்தினார்கள். 1955-லும் 1958-லும் ட்யூராண்ட் கோப்பை அந்தச் சென்டருக்கு. அதே 1958-ல் ஆசியாவிலேயே சிறந்த கீப்பர். 1967-ல் அர்ஜுனா. பெரியப்பாவுக்கு இதெல்லாம் பெரிதில்லை. அவர் சொன்னது வேறு: "அவன் விழவே மாட்டான்டா. நிக்கிற இடத்துக்குப் பந்து வரும்."

எனக்கு அது புரிய வருஷங்கள் ஆயின. பாதி டைவ், நின்ற இடம் சரியில்லாததால் அடிக்கிற டைவ். கை தட்டுகிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது.

ராத்திரி போர்ச்சுகல் - கானா. கடைசி நிமிஷத்தில் போர்ச்சுகல் கீப்பர் கோஸ்டா, பின்னால் ஒருத்தன் பதுங்கி நிற்பதைப் பார்க்காமல் பந்தைத் தரையில் போட்டான். கானாக்காரன் வழுக்கினான். கோஸ்டா பிழைத்தான். பிரேசில் கீப்பர் பார்போசாவுக்கு யாரும் வழுக்கவில்லை. 1950-ல் மரக்கானாவில் ஒரு கோல். 2000-ல் சாகிற வரைக்கும் அதே பேச்சு.

தம்பி போன் பண்ணலை. கத்தாரில் வேலை அதிகம் என்கிறாள் இவள். உலகக் கோப்பையே அங்கேதானே.

27.11.2022, ஞாயிறு

மொராக்கோ 2, பெல்ஜியம் 0. தேசிய கீதத்துக்கு நின்ற கீப்பர் போனோ, ஆட்டம் தொடங்கும்போது காணோம். முனீர் நிற்கிறான். மயக்கமோ என்னவோ.

மச்சான் இப்போது பெல்ஜியம் கீப்பர் கோர்ட்வாவுக்கு மாறியிருந்தான். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் பைனலில் லிவர்பூலை ஒரு கோல் போட விடவில்லை என்று மத்தியானம் முழுக்க ஒரே பெருமை. சாயங்காலம் சபீரி ஓரத்திலிருந்து அடித்த ப்ரீ கிக், கோர்ட்வா நின்ற பக்கமே உள்ளே போனது. மச்சான் எழுந்து போய்விட்டான். டீக்காசு என் தலையில்.

நல்ல நாள்.

1.12.2022, வியாழன்

தூக்கமில்லை. போலந்துக்காரன் ஸ்செஸ்னி, மெஸ்ஸியின் பெனால்டியைப் பிடித்தான். ஒரு கை போதும் அவனுக்கு. சவூதிகூட ஒன்று, இப்போது ஒன்று. அப்படியும் தோல்வி.

மண்டியில் முதலாளி முகம் சரியில்லை. கொப்பரைக்கு ஆதார விலை கிலோ 105.90. சந்தை அதுக்கு எவ்வளவோ கீழே. களத்தில் காயவும் மாட்டேன் என்கிறது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். படக்கென்று ஒடியணும். வளைந்தது. இதைக் காங்கேயத்துக்கு ஏற்றினால் திருப்பி அனுப்புவான்.

பி.டி. சார் ஒரு பாயிண்ட் பிடித்துவிட்டார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். அரையிறுதியில் யூகோஸ்லாவியா நமக்கு 4 போட்டது. அதே யூகோஸ்லாவியாவை பைனலில் யாசின் ஒன்றுகூடப் போட விடவில்லை. தங்கராஜும் அந்த ஊருக்குப் போனவர்தானே என்கிறார். பதினொரு பேர் ஆடுகிற ஆட்டம் சார் என்றேன். சொன்ன எனக்கே சப்பென்று இருந்தது.

தம்பி பேசினான். லுசைல் பக்கம் வேலையாம். ஸ்டேடியத்துச் சத்தம் கேட்குமாம், டிக்கெட் விலை கேட்க முடியாதாம். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கியா என்றேன். "பாக்கலாம்ப்பா."

4.12.2022, ஞாயிறு

விடிகாலை இரண்டரைக்குப் படுத்தேன். ஆஸ்திரேலியப் பையன் கடைசி நிமிஷத்தில் கோலுக்கு முன்னால் திரும்பி அடித்தான். அர்ஜென்டினா கீப்பர் மார்ட்டினஸ் மேலே விழுந்து அமுக்கினான். பிடித்தபின் கட்டிக்கொண்டு எழவே இல்லை. அலட்டல். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

இத்தாலியின் ஜோப்தான் கீப்பர். 1982, நாற்பது வயது, கையில் கோப்பை, முகத்தில் ஒன்றுமில்லை.

6.12.2022, செவ்வாய்

கார்த்திகை. இவள் பொரி உருண்டை பிடித்தாள், வெல்லப்பாகு முற்றிவிட்டது. பல் போகிற மாதிரி. அதைக் கடித்துக்கொண்டே மொராக்கோ - ஸ்பெயின். 120 நிமிஷம் ஒன்றுமில்லை. பெனால்டியில் ஸ்பெயின் ஒன்றுகூடப் போடவில்லை. ஒன்று போஸ்டில், இரண்டு போனோ கையில். அடிக்கிற வரைக்கும் அசையாமல் நிற்கிறான். சிரிக்கவும் செய்கிறான்!

பாய் அதிரையிலிருந்து போன். பின்னால் ஒரே சத்தம். "போனோ முழுப்பேர் தெரியுமா? யாசின் போனோ. வாத்தியார்கிட்ட சொல்லு, அவரு யாசின் போயி எங்க யாசின் வந்தாச்சு."

இதுதான் இந்தக் கோப்பையிலேயே நல்ல வாதம்.

9.12.2022, வெள்ளி

மாண்டஸ் புயல். மாமல்லபுரம் பக்கம் என்கிறார்கள். நமக்கு இல்லை என்று டி.வி. பத்து தடவை சொன்னாலும் யாரும் நம்பவில்லை. கஜா புயலுக்கு அப்புறம் இந்த ஊரில் காற்று என்றாலே வயிறு பிசையும். கொல்லையில் கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். வெறும் காற்று. தார்ப்பாய் கட்டியாச்சு.

குரோஷியா - பிரேசில். குரோஷியா கீப்பர் லிவாகோவிச். ஜப்பானிடம் மூன்று பிடித்தவன், இன்று முதல் அடியையே பிடித்தான். அதற்கு முன்னால் 120 நிமிஷமும் அவன்தான். பிரேசில் அழுகிறது. அடுத்த வருஷம் இவன் பேர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

விரல் மடங்கவே இல்லை. அதிரை மைதானத்தில் வாங்கியது. நாட்டு வைத்தியர் கட்டின கட்டு, கோணலாகவே நின்றுவிட்டது.

10.12.2022, சனி

புயல் போச்சு. கன்று எல்லாம் இருக்கிறது.

ஹாலந்துகூட மார்ட்டினஸ் முதல் இரண்டையும் பிடித்தான். இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். அப்புறம் ஒரு ஆட்டம் போட்டான் பார். அது என்ன நடனம். தங்கராஜ் ஆடியிருப்பாரா?

ஆடியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும். 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு பைனல். கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கத்துகிறது. எதிரே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, காயம்பட்ட ஜர்னைல் சிங் ஒன்று. 2-1. போஸ்டில் தங்கராஜ். தங்கம். அந்த ராத்திரி அவர் என்ன செய்தார் என்று பெரியப்பாவுக்கும் தெரியாது. யூடியூபில் தேடினேன். யாரோ தங்கராஜ் என்ற பெயரில் மாட்டுவண்டிப் பந்தயம் வந்தது.

தம்பி போன் பண்ணலை.

14.12.2022, புதன்

அர்ஜென்டினா 3, குரோஷியா 0. லிவாகோவிச் பேச்சே இல்லை இன்று. சொன்னேனே.

டீக்கடைப் பையனுக்கு நம்ம கீப்பர் பிரம்மானந்தைத் தெரியாது. பாஸ்கர் கங்குலியைத் தெரியாது. சுப்ரதா பால் என்றதும் பி.டி. சார் மட்டும் தலையாட்டினார். 2011 ஆசியக் கோப்பையில் தென் கொரியா 4 போட்டும் அன்றைக்கு நாம் பேசினது அந்த மனுஷனைப் பற்றித்தான். குர்ப்ரீத்? 2019-ல் இதே கத்தாரை தோஹாவில் 0-0 நிறுத்தினான். அதை மட்டும் பையன் ஒத்துக்கொண்டான். செல்போனில் பார்த்திருக்கிறான்.

பார்த்ததுதான் கணக்கா அப்போ?

முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். பகலில் கண் சொக்குகிறது.

18.12.2022, ஞாயிறு

எழுத முடியவில்லை. கை நடுங்குகிறது. பைனல். அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3.

123-வது நிமிஷம். பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வருகிறான். நான் எழுந்துவிட்டேன். முன்னால் வா, முன்னால் வா என்று கத்தினேன், இவள் பயந்துவிட்டாள். வந்தான் மார்ட்டினஸ். இரண்டு கையும் அகலமாக, வலது கால் ஊன்றி, இடது கால் நீட்டி. பந்து அந்தக் காலில் பட்டுப் போனது. விழவில்லை. நின்ற இடத்துக்குப் பந்து வந்தது.

அப்புறம் பெனால்டி எல்லாம் சும்மா.

12.10. தம்பி வாய்ஸ் மெசேஜ். ஹார்ன் சத்தம்தான் கேட்கிறது. நடுவில் "அப்பா" என்று ஒன்று.

19.12.2022, திங்கள்

சீ. தங்கக் கையுறைக் கோப்பையை வைத்துக்கொண்டு மார்ட்டினஸ் செய்த காரியம். உலகமே பார்க்கிறது. இவள் "அது என்னங்க?" என்றாள். விளம்பரம் என்றேன்.

பாய் எல்லாருக்கும் அல்வா. பி.டி. சார் இன்னும் யாசின்தான். பாலன் டி'ஓர் வாங்கின ஒரே கீப்பர் என்று 1963-ஐ மூன்றாவது தடவையாகச் சொன்னார். மச்சான் ஜிகினா வைத்த அர்ஜென்டினா தொப்பியில் வந்தான். அவனுக்கு வெட்கமே கிடையாது.

விரல் பரவாயில்லை.

21.12.2022, புதன்

கொப்பரை லோடு போனது. இந்தத் தடவை ஒடிகிறது.

ராத்திரி தம்பி. லீவு பற்றி ஒரு வார்த்தை இல்லை, நானும் கேட்கவில்லை. மார்ட்டினஸ்தான் ஆல் டைம் கிரேட் என்கிறான். ஸ்கூலில் கீப்பர் நில்லுடா என்று எத்தனை கெஞ்சினேன். கோல் போடுகிறவனுக்குத்தான் பேர் என்று ஓடினவன். இன்றைக்கு எனக்குக் கீப்பர் பாடம் எடுக்கிறான். பேசவிட்டேன். நல்லாத்தான் பேசுகிறான். போனோவை ஏன் நம்பர் டூ என்று சொன்ன காரணம்கூடச் சரி.

தங்கராஜ் என்று ஆரம்பித்தேன். லைன் போய்விட்டது. அவனே கட் பண்ணியிருப்பான், கழுதை.