வீடுதோறும் விழா

உழவும் உணவும் இறைவழிபாடும் ஒன்றுகூடும் இடத்தில் விழா பிறக்கின்றது. இது உலகெங்குமுள்ள உழவர் குடிகளுக்குப் பொதுவான உண்மையாகும். பிலிப்பைன்ஸ் நாட்டில் சில ஆண்டுகள் வாழும் வாய்ப்பு எங்கள் குடும்பத்திற்குக் கிட்டியது. அங்கு கண்டு மகிழ்ந்த விழாக்களைப் பற்றி மாணவச் செல்வங்களுடனும் பெற்றோருடனும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாங்கள் வாழ்ந்த ஊர் லகூனா மாகாணத்திலுள்ள லாஸ் பானோஸ். 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் உள்ளது. தமிழ்நாட்டு உழவர்கள் நன்கறிந்த ஐ.ஆர்.8 என்னும் நெல் வகை 1966ஆம் ஆண்டு அங்கிருந்தே வெளிவந்தது. கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் 1982 முதல் 1988 வரை அந்நிலையத்திற்குத் தலைமை தாங்கினார். சோறே அம்மக்களுக்கும் முதன்மை உணவு. ஆகவே அவர்களுடைய அறுவடை விழாக்கள் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

மே மாதம் 15ஆம் நாள் புனித இசிதோரின் திருநாள். ஸ்பெயின் நாட்டு மட்ரித் நகரருகே பண்ணைக் கூலியாய் உழைத்து வாழ்ந்த இவரை, உழவர்களின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் போற்றுகின்றனர். 1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியில் இவ்வழிபாடு பிலிப்பைன்ஸ் சிற்றூர்களில் வேரூன்றியது. கெசோன் மாகாணத்தில், பனஹாவ் மலையடிவாரத்திலுள்ள லுக்பான் என்னும் ஊரில் அன்று நடைபெறும் விழாவே ‘பஹியாஸ்’. முற்காலத்தில் உழவர்கள் தம் விளைச்சலை ஆலயத்திற்குச் சுமந்து சென்று குருவானவரின் ஆசி பெற்றனராம். விளைச்சல் பெருகி ஆலயத்தில் இடம் போதாமற் போகவே, அவரவர் வீட்டு வாயிலிலேயே அதனைப் பரப்பி வைக்கலாயினர் என்று அவ்வூரார் கூறுவர்.

இன்று அவ்வாயில்களைக் காணக் கண்கோடி வேண்டும். நெற்கதிர்க் கட்டுகள், தேங்காய்கள், வாழைக்குலைகள், வண்ணக் காய்கறிகள் ஆகியவை சுவரையும் சாளரத்தையும் மூடி நிற்கும். அவற்றிற்கெல்லாம் அணிகலமாய்த் திகழ்வது ‘கீபிங்’. அரிசியை ஊறவைத்து அரைத்து, வண்ணம் சேர்த்து, உண்மையான இலையின்மேல் மெல்லியதாகப் பூசி, ஆவியில் வேகவைத்து உலர்த்துவர். இலையின் நரம்புகள்கூட அதில் பதிந்திருக்கும். நம் பாட்டிமார் செய்யும் இலை வடாத்தை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களில் கீபிங்குகளைக் கோத்துச் சரவிளக்குப் போல் தொங்கவிடுவர். விரும்பினால் பொரித்தும் உண்ணலாம்.

விழாவிற்குச் சில நாட்களுக்கு முன்னரே, அவ்வூரில் ஒரு மூதாட்டியின் இல்லத்திற்கு நாங்கள் அழைக்கப்பட்டிருந்தோம். பாட்டியை அவர்கள் ‘லோலா’ என்பர். லோலா எங்கள் மகளின் கையில் ஓர் இலையைக் கொடுத்து, அதிலிருந்து கீபிங்கைப் பிரித்தெடுக்கச் சொன்னார். முதல் மூன்றும் கிழிந்து போயின. நாங்கள் பதறினோம். லோலாவோ சிரித்தவாறே நான்காவது இலையை நீட்டினார். “கிழிக்காத கைக்குப் பிரிக்க வராது” என்றார். அவ்வீட்டில் ஐந்து வயதுப் பேரனுக்கும் ஒரு வேலை இருந்தது. உலர்ந்த கீபிங்குகளை நிறவாரியாக அடுக்குவது அவன் பொறுப்பு. அவன் பிழையாக அடுக்கியதை எவரும் பறித்துச் சரிசெய்யவில்லை. அவனே திருத்தும் வரை காத்திருந்தனர்.

பஹியாஸ் ஊர்வலம் ஆண்டுதோறும் வெவ்வேறு தெருக்கள் வழியாகச் செல்லும். ஆதலால் ஒவ்வொரு தெருவிற்கும் தன் முறை வரும். லோலாவின் மூத்த மகன் சரக்குக் கப்பலில் பணிபுரிபவர். தம் தெருவின் முறை எந்த ஆண்டு வருகின்றதென்று கேட்டறிந்து, அவ்வாண்டு மே மாதத்திற்கே விடுப்புக் கேட்பாராம். “பணம் அனுப்பிவிடலாம், வாயிலை யார் அலங்கரிப்பது?” என்று அவர் கூறியதாக லோலா எங்களிடம் பெருமையுடன் சொன்னார். விழா நாளன்று வாழையிலையில் வைத்த ‘பான்சித் ஹப்ஹப்’ என்னும் நூடுல்ஸைக் கையாலும் தொடாமல், இலையோடு வாயருகே ஏந்தி உண்ண அப்பேரனே எங்களுக்குக் கற்பித்தான்.

புலாக்கான் மாகாணத்துப் புலிலான் ஊரில் மே 14ஆம் நாள் மற்றொரு காட்சி. வயலில் உழைத்த எருமைகளை அலங்கரித்து ஊர்வலமாக அழைத்து வருவர். பழக்கப்பட்ட அவ்வெருமைகள் ஆலய வாயிலில் முன்னங்கால்களை மடித்து மண்டியிடும். மாட்டுப் பொங்கலைக் கொண்டாடும் நமக்கு அந்நன்றியுணர்வை விளக்க வேண்டியதில்லை.

துயரத்திலும் அம்மக்கள் விழாவைக் கைவிடுவதில்லை. கரும்பை நம்பி வாழ்ந்த பக்கோலோட் நகரம் 1980ஆம் ஆண்டு சர்க்கரை விலை வீழ்ச்சியால் தவித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ‘டான் ஹுவான்’ என்னும் கப்பல் மூழ்கி, அவ்வூரார் பலர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபரில், சிரிக்கும் முகமூடிகளை அணிந்து அம்மக்கள் தொடங்கியதே ‘மாஸ்காரா’ விழா. 1990ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த பாகியோ நகரில், 1995 முதல் ‘பனக்பெங்கா’ என்னும் மலர்த் திருவிழா நடைபெறத் தொடங்கியது.

இவற்றையெல்லாம் கண்ட எங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. வயலும் மாடும் இல்லாத நாட்டில், குளிர்காலத்தின் நடுவில் பொங்கல் கொண்டாடுகின்றோம். பெற்றோராகிய நாம் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுப் பிள்ளைகளைப் புத்தாடையுடன் அழைத்து வந்து அமர வைக்கின்றோம். பார்த்து மகிழ்ந்த விழாவை அவர்கள் நினைவில் வைத்திருப்பர். நாளை தம் பிள்ளைகளுக்கு எதைச் செய்து காட்டுவர்?

அன்புள்ள மாணவர்களே, அடுத்த பொங்கலுக்கு உங்கள் வீட்டில் ஒரு வேலையைக் கேட்டுப் பெறுங்கள். கோலத்திற்குப் புள்ளி வைப்பதோ, பானைக்கு மஞ்சள் கட்டுவதோ, வாழ்த்து மடலைத் தமிழில் எழுதுவதோ எதுவாயினும் ஆகுக. ஆண்டுதோறும் அது உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். பெற்றோரே, கோலம் கோணினாலும் எழுத்துப் பிழைத்தாலும் பொறுத்திருங்கள். லோலா நீட்டியது போல் நான்காவது இலையையும் நாம் நீட்டுவோமாக!